மக்கொல்லிக்குத் தமிழ்ல அரியல்

மழை பிடிச்சுதுன்னா கொரியாவுல தேஜோன் ஊர்ல எங்க லேப்ல சாயங்காலம் ஆறு மணிக்கு மேல யாரும் இருக்க மாட்டாங்க. ஒருத்தர் பாஜோன்னு ஆரம்பிச்சா இன்னொருத்தர் மக்கொல்லின்னு முடிப்பார், அவ்வளவுதான், குடைய எடுத்துட்டுக் கெளம்பிருவோம். பாஜோன்னா வெங்காயத்தாள நீளநீளமா போட்டு மாவு ஊத்தி எண்ணெயில முறுகலா எடுக்குற அடை, அது கல்லுல பொரியுற சத்தமும் மழைச் சத்தமும் ஒண்ணு போல இருக்குறதாலதான் மழைன்னாலே அந்த ஆச வருதுன்னு கொரியாக்காரங்க சொல்வாங்க. கூட ஒரு மஞ்சக் கலர் அலுமினியக் கெட்டில்ல வெள்ளையா, லேசா புளிச்ச வாசனையோட மக்கொல்லி வரும், அரிசியப் புளிக்க வெச்சு ஆக்குற கொரிய மது, அத கிண்ணத்துல ஊத்திக் குடிக்கணும், கிளாஸ்ல இல்ல.

ஒரு தடவ அப்படி உக்காந்திருக்கும்போது அக்கா வீடியோ கால்ல வந்தா. கிண்ணத்தப் பாத்துட்டு "என்னடா அது, நீராகாரமா?"ன்னு கேட்டா. நான் யோசிக்காம "அரிசி ஒயின்க்கா"ன்னு சொல்லிட்டேன். சொன்னதுல இருந்து மனசுக்குள்ள உறுத்திக்கிட்டே இருந்துச்சு, ஏன்னா அவ சொன்ன நீராகாரம்தான் நான் சொன்ன ஒயின விட உண்மைக்குக் கிட்ட இருந்துச்சு.

ஒயின் பழச்சாறுல ஆகுறது. பழத்துல இனிப்பு ஏற்கனவே இருக்கு, ஈஸ்ட் நேரா அத சாராயமா மாத்திரும். அரிசில இருக்குறது மாவுச்சத்து, அத முதல்ல சர்க்கரையா ஒடைக்கணும், அப்புறம்தான் ஈஸ்ட்டுக்கு வேல. இந்த ரெண்டு வேலையும் ஒரே பானைக்குள்ள ஒண்ணா நடக்க வைக்கிறது நுருக்னு ஒரு பொருள். கோதுமைய ஒண்ணுரெண்டா ஒடைச்சு, தண்ணி விட்டுப் பெசஞ்சு, துணில சுத்திக் காலால மிதிச்சு வட்டமா தட்டி வைப்பாங்க, அதுல தானா பூஞ்சையும் ஈஸ்ட்டும் வளரும். இப்படி ஒரு சரக்கப் போய் ஒயின்னு சொல்றது அந்த நுருக்க மிதிச்சவங்க காலுக்குச் செய்யுற மரியாதையே இல்ல.

அப்ப தமிழ்ல இத என்னன்னு சொல்றது? அதுக்கு முதல்ல மக்கொல்லிங்கிற சொல்லுக்கு வருவோம். மக் + கொருதா + இ. கொருதான்னா வடிகட்டுறது, அரிக்கிறது. கடைசியில வர்ற இ, வினைய பெயரா மாத்துற விகுதி, அது சேரும்போது கொரு-ங்கிறது கொல்லின்னு திரியுது. (நம்ம கொல்லிமலை மாதிரி அழுத்தமா ஒ-ன்னு சொல்லக்கூடாது, ஒ-க்கும் அ-க்கும் நடுவுல ஒரு ஒலி. இங்கிலீஷ் எழுத்தப் பாத்துட்டு மாகியோலின்னு படிக்கிறது சுத்தமா தப்பு.) முன்னாடி இருக்குற மக்-க்கு ரெண்டு பொருள் சொல்றாங்க. ஒண்ணு 'இப்பதான்', "மக் வஸ்ஸொயோ"ன்னா இப்பதான் வந்தேன். இன்னொண்ணு 'பக்குவம் பாக்காம, கை போன போக்குல': முன்பின் பாக்காம பேசுற பேச்சுக்கு மங்மல்னு பேரு, கரடுமுரடான மண் கிண்ணத்துக்கு மக்சபல்னு பேரு, அந்த மக்தான் இது. ஆக மக்கொல்லின்னா இப்பதான் அரிச்சது, இல்லன்னா சும்மா அப்படியே அரிச்சது. ரெண்டும் பொருந்துது, நான் ரெண்டையும் வெச்சுக்கிறேன்.

இந்தப் பேரு எங்க இருந்து வந்துச்சுன்னு கண்ணால பாத்தாதான் புரியும். போன வசந்தத்துல ஒரு வகுப்புக்குப் போயிருந்தேன், சொல்லிக் குடுத்த அம்மாவ எல்லாரும் இமோன்னுதான் கூப்பிட்டோம், இமோன்னா அம்மா கூடப் பொறந்தவங்க, நம்ம பெரியம்மா சித்தி. அரிசிய ஊற வெச்சு ஆவியில வேக வெச்சாங்க, பருக்கை பருக்கையா வெறப்பா இருக்கணும், அதுக்கு கோதுபாப்னு பேரு. அகலமா பரப்பி ஆற விட்டு, நுருக்கு தூளும் தண்ணியும் சேத்து ரெண்டு கையாலயும் பெசஞ்சு மண் சாடியில போட்டோம். ஒரு வாரம் கழிச்சு போனா சாடிக்குள்ள காது வெச்சுக் கேட்டா மழ தூறுற மாதிரி சத்தம். அப்படியே விட்டா மேல தெளிஞ்சு நிக்கிறது ச்சொங்ஜு, தெளிவான மது. அதக் காய்ச்சி எறக்குனா சோஜு. அடியில கெடக்குற மண்டியில தண்ணி ஊத்தி, சல்லடையில கொட்டி, வெரலால அலசி அலசிப் பிழிஞ்சு எறக்குறதுதான் மக்கொல்லி. தெளிஞ்சது பெரிய வீட்டுக்கு, அரிச்சது வயல்ல வேல செய்யுறவனுக்கு, அதான் நோங்ஜு, உழவன் மதுன்னும் ஒரு பேரு இதுக்கு இருக்கு. கலங்கலா இருக்குறதால தக்ஜுன்னும் சொல்வாங்க.

அந்த இமோ சல்லடையில வெரல விட்டு அலசுறப்பதான் எனக்குச் சங்கப் பாட்டான பெரும்பாணாற்றுப்படை ஞாபகம் வந்துச்சு. காலேஜ்ல படிச்சது, அன்னைக்கு ராத்திரியே எடுத்துப் பாத்தேன். அரிசிய களியா துழாவி, வாயகன்ற தட்டுல ஆற வெச்சு, நல்லடைய கலந்து, ரெண்டு பகல் ரெண்டு ராத்திரி சாடியில வெச்சு எறக்குனதப் பத்தி வரிவரியா இருக்கு. முடியுற எடம் "வெந்நீர் அரியல் விரலலை நறும்பிழி". வெரலால அலைச்சுப் பிழிஞ்சது! நல்லடைங்கிறது நுருக் இல்ல, நெல்முளைன்னு உரைகாரங்க சொல்றாங்க, அந்த வித்தியாசம் இருக்கு. மத்தபடி சோறு, ஆற வைக்கிறது, சாடி, வெரல், எல்லாம் அப்படியே.

அரியல்ங்கிற சொல்லப் பாருங்க. பொரிச்சது பொரியல், அவிச்சது அவியல், துவைச்சது துவையல், வறுத்தது வறுவல். அரிச்சது அரியல். அரி + அல். கொரியன்ல கொரு + இ. ரெண்டு மொழியும் வேற வேற எடத்துல ஒக்காந்து ஒரே வேலையப் பாத்து ஒரே மாதிரி பேரு வெச்சிருக்கு, இதுல கடன் வாங்குனதெல்லாம் ஒண்ணும் கெடையாது, கைதான் காரணம். தெளிஞ்ச ச்சொங்ஜுவுக்கும் நம்மகிட்ட இருக்கு, தேறல். தேறுறதுன்னா தெளியுறது. அரியலும் தேறலும் பழைய பாட்டுகள்ல பொதுவா கள்ளுக்கே வர்ற சொல்லுதான், ஆனா வேர்ச்சொல்ல வெச்சுப் பாத்தா இந்த ரெண்டு சரக்கையும் பிரிச்சுக் காட்ட இத விட நல்ல ஜோடி கெடைக்காது. தோப்பின்னு இன்னொரு சொல்லு உண்டு, நெல்லுல ஆக்குன கள்ளு, "தோப்பிக் கள்"ன்னு அகநானூறுல வருது. பொருள் சரிதான், ஆனா இன்னைக்குக் கேக்குறவங்களுக்குத் தோப்புல எறக்குன கள்ளுன்னு தோணிரும். அதனால என் ஓட்டு அரியலுக்கு.

பேரு வைக்கிறதுல கொரியாக்காரங்களே ஒரு தடவ தடுமாறுனாங்க. 2010ல வேளாண் அமைச்சகம் வெளிநாட்டுக்காரங்களுக்காக 'டிரங்கன் ரைஸ்'னு ஒரு செல்லப்பேர அறிவிச்சுது, போதையேறுன சோறுங்கிற மாதிரி, ஜனங்களுக்குப் பிடிக்கவே இல்ல. இந்த மதுவுக்கு அதுக்கு முன்னாடியே நெறைய அடி விழுந்திருக்கு. 1960கள்ல அரிசிப் பஞ்சத்தால அரிசியில மது ஆக்கத் தடை போட்டாங்க, கோதுமை மாவுல ஆக்குனாங்க, 1977ல வெளைச்சல் நல்லா இருந்தப்பதான் அரிசிய மறுபடி தொட விட்டாங்க. 2021ல மக்கொல்லி ஆக்குற பழக்கத்தையே தேசிய மரபுச் செல்வமா அறிவிச்சாங்க. பாட்டிலுக்குள்ள இருக்குற சரக்க இல்ல, ஆக்குற பழக்கத்த. எனக்கு இது ரொம்பப் பிடிச்சிருந்துச்சு.

கடையில வாங்குறவங்களுக்கு ஒண்ணு: 750 மில்லி பிளாஸ்டிக் பாட்டில், பெரும்பாலும் 6 சதவீதம். 'செங்'னு போட்டிருந்தா உயிரோட இருக்குற சரக்கு, உள்ள இன்னும் புளிச்சுக்கிட்டே இருக்கும், நிமித்தித்தான் வைக்கணும், படுக்க வெச்சா மூடி வழியா ஒழுகும். முத நாள் இனிப்பா இருக்கும், பத்து நாள் போனா புளிப்பு ஏறும், எனக்கு அந்தப் புளிப்புதான் பிடிக்கும்.

மது தொடாதவங்களுக்கு சிக்யே இருக்கு. பார்லி முளையத் தண்ணில கரைச்சு, தெளிஞ்ச தண்ணிய சோத்துல ஊத்தி வெதுவெதுப்பா வெச்சா இனிப்பு தானா எறங்கும், மேல பருக்கை மெதக்கும், போதை கெடையாது. நல்லடைக்கு இதான் சொந்தக்காரன்னு தோணுது. அம்மா இங்க வந்திருந்தப்ப தெனம் ஒரு டப்பா குடிச்சாங்க, அவங்க வெச்ச பேரு முளைப்பானகம், இப்ப வீட்டுல எல்லாரும் அப்படித்தான் சொல்றோம்.