மடிநோய்க்கு எடுத்த ஏபிஎஸ்டி ரிப்போர்ட்டில் எதைப் பார்ப்பது?

மடிநோய் வந்த மாட்டின் பாலைப் பரிசோதனைக்குக் கொடுத்தால், எந்த ஆன்டிபயாட்டிக் கேட்கும் என்று சொல்லும் ஏபிஎஸ்டி ரிப்போர்ட் ஒரு தாளாகக் கையில் வரும். ஆறேழு ஆன்டிபயாட்டிக் பெயர்கள், பக்கத்தில் மில்லிமீட்டரில் ஒரு எண், அதற்குப் பக்கத்தில் எஸ், ஐ, ஆர் என்று ஓர் எழுத்து. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் கறவை மாடு வைத்திருப்பவர்கள் பலர் அந்தத் தாளை நேராக மெடிக்கல் ஷாப்பில் நீட்டி, "எதுல நம்பர் பெருசா இருக்கோ அதையே குடுங்கண்ணா" என்கிறார்கள். கடைக்காரரும் எடுத்துக் கொடுத்துவிடுகிறார். இரண்டு பேருமே தப்பான கட்டத்தைப் பார்க்கிறார்கள்.

அந்த எண், அகார் என்ற கூழ்த் தட்டில் கிருமியை வளர்க்கும்போது மருந்து வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் நிற்கும் வட்டத்தின் அகலம். ஓர் உதாரணம். பாலில் வளர்ந்தது ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்று வைத்துக்கொள்வோம். பென்சிலினுக்கு 27 மி.மீ., ஜென்டாமைசினுக்கு 16 மி.மீ. என்று ரிப்போர்ட் வருகிறது. 27-க்கு நேரே 'ஆர்' இருக்கும், அதாவது மருந்து கேட்காது. 16-க்கு நேரே 'எஸ்', கேட்கும். ('ஐ' என்றால் இரண்டுக்கும் நடுவே.) பார்க்கத் தலைகீழாகத் தெரிந்தாலும் அதுதான் சரி. இந்தக் கிருமியில் பென்சிலினுக்கு 29 மி.மீ. அல்லது அதற்கு மேல் வட்டம் வந்தால்தான் எஸ். ஜென்டாமைசினுக்கு 15 போதும். ஒவ்வொரு வில்லையிலும் ஏற்றியிருக்கும் மருந்தின் அளவு வேறு, அது அகாரில் பரவும் வேகமும் வேறு. அதனால் ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனி எல்லை வகுத்திருக்கிறார்கள். ஒரு மருந்தின் எண்ணை இன்னொரு மருந்தின் எண்ணோடு ஒப்பிடவே கூடாது.

அந்த வட்டம் எப்படி வருகிறது என்று தெரிந்தால் எங்கே கெடும் என்பதும் புரியும். 1966-ல் பாயர், கர்பி குழுவினர் ஒழுங்குபடுத்திய முறைதான் இன்றும் நடக்கிறது. கிருமியை உப்புக் கரைசலில் 0.5 மேக்ஃபார்லண்ட் கலங்கல் அளவுக்குக் கரைக்க வேண்டும். மில்லிக்கு ஏறக்குறைய 15 கோடி கிருமி. முல்லர் ஹின்டன் அகார் தட்டில் பஞ்சுக்குச்சியால் மூன்று திசையிலும் பூசி, 15 நிமிடத்துக்குள் மருந்து வில்லைகளை வைத்து, 35 டிகிரியில் 16 முதல் 18 மணி நேரம் விட வேண்டும். கலங்கல் கெட்டியாகிவிட்டால் வட்டம் சுருங்கும். அகார் 4 மி.மீ. உயரத்தைத் தாண்டினாலும் சுருங்கும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த வில்லைக் குப்பியை அறை வெப்பத்துக்கு வருமுன் திறந்தால் ஈரம் கோத்து மருந்தின் வீரியம் போய்விடும். அப்போது நல்ல மருந்தும் 'ஆர்' என்று வரும். நம் பகுதி போர் தண்ணீரில் உப்பு அதிகம். காய்ச்சி வடித்த நீருக்குப் பதில் அதை ஊற்றி மீடியா (அகார் கூழ்) செய்தால் கால்சியமும் மக்னீசியமும் கூடி சில முடிவுகளையே மாற்றிவிடும், சூடோமோனஸ் என்ற கிருமிக்கு எதிரான ஜென்டாமைசின் வட்டத்தை முக்கியமாக. இதையெல்லாம் பிடிக்கத்தான் குணம் தெரிந்த கிருமி ஒன்றையும் (ஏடிசிசி 25923 என்ற எண்ணுள்ள ஆரியஸ் போன்றது) கன்ட்ரோலாகக் கூடவே சோதித்துப் பார்க்கிறார்கள். "கன்ட்ரோல் போடுகிறீர்களா?" என்று லேபில் கேட்பதில் தப்பே இல்லை.

பென்சிலின் வட்டத்தில் ஓரத்தையும் உற்றுப் பார்க்க வேண்டும். ஓரம் மெதுவாகத் தேய்ந்து மங்கினால் நல்லது. கத்தியால் வெட்டியதுபோல் செங்குத்தாக, தடித்து நின்றால் அந்தக் கிருமி பென்சிலினை உடைக்கும் நொதியைச் சுரக்கிறது. அளவு 29-ஐத் தாண்டியிருந்தாலும் அதை 'ஆர்' என்றே எழுத வேண்டும். மெஷினில் அளந்து எண்ணை மட்டும் அச்சடிக்கும் ரிப்போர்ட்டில் இந்த விவரம் காணாமல் போக வாய்ப்பு உண்டு.

ஆனால் ரிப்போர்ட் கெடுவது பெரும்பாலும் மாட்டுக் கொட்டாயில்தான். மாதிரி எடுப்பது ஊசி போடுவதற்கு முன்பு. இரண்டு நாள் மருந்து போட்டுப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை என்று பால் அனுப்பினால், பல நேரம் ஒன்றும் வளராது. மடியைக் கழுவி, சுத்தமான துணியால் நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள். 70 சதவீத ஆல்கஹால் நனைத்த பஞ்சால் காம்பு நுனியைத் தேயுங்கள், காம்புக்கு ஒரு பஞ்சு. துடைக்கும்போது தூரத்துக் காம்புகளை முதலில். பால் எடுக்கும்போது பக்கத்துக் காம்புகளை முதலில். அப்போதுதான் துடைத்த காம்பில் கை உரசாது. முதல் இரண்டு மூன்று பீச்சலைக் கீழே விட்டுவிட்டு, பாட்டிலைச் சாய்த்துப் பிடித்து 5 மில்லி பிடித்தால் போதும். பாட்டில் ஸ்டெரைலாக இருக்க வேண்டும். பழைய ஊசி மருந்துக் குப்பியைக் கழுவி அதில் பிடித்துக் கொண்டுவருவது இங்கே சகஜம். அதில் ஒட்டியிருக்கும் மருந்தே கிருமியைக் கொன்றுவிடும். பென்னாகரத்திலிருந்தோ தேன்கனிக்கோட்டையிலிருந்தோ பஸ்ஸில் கொடுத்தனுப்பினால் ஐஸ் வைத்த டப்பாவில் அனுப்புங்கள். வெயிலில் வந்த பாலில் சாணக் கிருமிதான் முந்தி வளரும். ஒரே மாதிரியில் மூன்று வகையோ அதற்கு மேலோ வளர்ந்தால் அது அழுக்குச் சேர்ந்த மாதிரி. அதற்கு மருந்து பார்ப்பது வீண்.

சரி, 'எஸ்' வந்த மருந்தைப் போட்டும் குணமாகவில்லை என்றால்? தட்டில் கிருமியும் மருந்தும் நேருக்கு நேர் நிற்கின்றன. மடியில் அப்படி இல்லை. ஆரியஸ் கிருமி சதைக்குள் சிறு சிறு சீழ்க்கட்டியாகப் புதைந்துகொள்ளும். மேலே சொன்ன ஜென்டாமைசினையே எடுத்துக்கொள்ளுங்கள்: தசையில் போட்டால் இரத்தத்திலிருந்து மடிக்குள் சரியாகப் போய்ச் சேராது. போதாததற்கு, மாட்டு மடிக்கென்றே வகுத்த எல்லை அளவுகள் மிகச் சில மருந்துகளுக்குத்தான் இருக்கின்றன. மற்றவை மனிதர்களுக்கு வகுத்ததைக் கடன் வாங்கியவை. 'ஆர்' வந்த மருந்தைத் தள்ளிவிடலாம். 'எஸ்' வந்தவற்றுள் எது, காம்பில் ஏற்றும் டியூபா ஊசியா என்பதைக் கால்நடை மருத்துவர் மாட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு வில்லை வைத்து எண் போட்டுத் தந்தால் அதை நம்ப வேண்டாம். அது அகாரில் சரியாகப் பரவாது. உணவுக்காக வளர்க்கும் கால்நடை, கோழிகளுக்கு அதைக் கொடுப்பதை 2019-லேயே இந்தியாவில் தடை செய்தும் விட்டார்கள்.

மூலிகைப் பற்றுக்கும் இதே கணக்குதான். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்து மடியில் பூசுவது தமிழ்நாடு முழுக்கப் பரவியிருக்கிறது. கல்லூரி மாணவர்கள் மஞ்சள் சாற்றைத் தட்டில் சோதித்து "வட்டமே வரவில்லை" என்று எழுதுகிறார்கள். மஞ்சளில் உள்ள குர்குமின் தண்ணீரில் கரையாது, அகாரில் நகராது. வட்டம் வராததை வைத்து மஞ்சளுக்கு வேலை இல்லை என்று முடிவு கட்ட முடியாது. ஆல்கஹாலில் கரைத்து வைத்து வட்டம் வந்தால், வெறும் ஆல்கஹால் வைத்த குழியும் பக்கத்தில் இருந்ததா என்று கேட்க வேண்டும்.

கறந்தபின் காம்பைத் தோய்க்கும் மருந்தில் நடக்கும் தப்பு வேறு. தோய்ப்பதற்கு 0.5 சதவீத அயோடின் வேண்டும். கடையில் கிடைக்கும் 5 சதவீத போவிடோன் அயோடின் பாட்டிலில் உள்ள அயோடினே 0.5 சதவீதம்தான். "5 சதவீதம் இருக்கே" என்று பத்து மடங்கு தண்ணீர் ஊற்றினால், பாலும் சாணமும் பட்டதுமே அதில் இருக்கிற கொஞ்சமும் தீர்ந்துபோகும். கொட்டாய் கழுவும் குவாட்டர்னரி அமோனியம் மருந்துகளின் வேலையை உப்புத் தண்ணீர் குறைத்துவிடும். கிடைத்தால் மழைநீரிலோ குடிநீரிலோ கலக்குங்கள்.

கடைசியாக, மருந்து போட்ட பால். எத்தனை நாள் ஊற்றக்கூடாது என்பது லேபிளில் இருக்கும். குறிப்பிடாவிட்டால் நம் நாட்டு மருந்து விதிப்படி குறைந்தது 7 நாள். முதல் ஊசியிலிருந்து எண்ணக்கூடாது, கடைசி ஊசியிலிருந்து எண்ண வேண்டும். ஒரு காம்பில் மட்டும் டியூப் ஏற்றியிருந்தாலும் நாலு காம்புப் பாலையும் ஒதுக்க வேண்டும். பாலில் பென்சிலினுக்கு கோடெக்ஸ் (உலக அளவில் உணவுத் தரம் வகுக்கும் அமைப்பு) வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 4 மைக்ரோகிராம். ஒரு டியூபிலிருந்து வெறும் 20 மில்லிகிராம் சொசைட்டி கேனில் சேர்ந்தால்கூட 5,000 லிட்டர் பாலை வரம்புக்குக் கொண்டுபோய் நிறுத்தும். காய்ச்சினால் போய்விடும் என்று நம்ப வேண்டாம். உறை ஊற்றியும் தயிர் உறையாவிட்டால் மருந்து தங்கியிருக்கிறதோ என்று சந்தேகப்படலாம், ஏனென்றால் தயிர்க் கிருமிகளும் பென்சிலினுக்குச் சாகும். ஆனால் அதற்குக் கொஞ்சம் கூடுதலான அளவு வேண்டும், எல்லா மருந்துக்கும் அது தெரியவும் தெரியாது. தயிர் நன்றாக உறைந்துவிட்டது என்பதற்காக ஐந்தாம் நாளே கேனைத் தூக்கிக்கொண்டு சொசைட்டிக்குப் போகக்கூடாது.