"தானா வந்துருவான்" என்று விட்டுவிடாதீர்கள்

"அவன் அப்படித்தான், ரெண்டு நாள்ல தானா வந்துருவான்." ஒரு பிள்ளை மூன்றாவது, நான்காவது முறை வீட்டைவிட்டுப் போகும்போது வீட்டாரும் இப்படிச் சொல்கிறார்கள், புகாரை வாங்குபவரும் சில நேரம் இப்படிச் சொல்கிறார். முதல் முறை இரவெல்லாம் தேடியவர்கள் ஐந்தாம் முறை "விடியட்டும்" என்கிறார்கள். பிள்ளையின் நிலைமையோ நேர்மாறாகப் போய்க்கொண்டிருக்கும். முதலில் இடம் கொடுத்த நண்பர்களின் வீட்டுக் கதவுகள் ஒவ்வொன்றாக மூடும். பிறகு இடம் கொடுப்பவர் முன்பின் தெரியாத பெரியவராக இருக்கலாம். அவர் சும்மா கொடுக்கமாட்டார்.

எத்தனையாவது முறையானாலும் உடனே புகார் கொடுங்கள். 24 மணி நேரம் பொறுக்கத் தேவையில்லை. அதற்கு முன் பத்து நிமிடம் வீட்டுக்குள்ளேயே பாருங்கள்: அலமாரி, கட்டிலடி, மாடி, காரின் பின்பெட்டி. எடுத்துப்போன பொருள்களைக் கவனியுங்கள். மாற்றுடையும் சார்ஜரும் போயிருந்தால் அது திட்டமிட்ட பயணம். செருப்புகூட இல்லாமல் போயிருந்தால் அந்த நேரத்துக் கொந்தளிப்பு. தேடும் இடம் இதைப் பொறுத்து மாறும். சமீபத்திய படம், உடுத்தியிருந்த உடை, உயரம், தழும்பு, நண்பர்களின் எண்கள் தயாராக இருக்கட்டும். இன்சுலினோ வலிப்பு மாத்திரையோ எடுக்கும் பிள்ளை என்றால் புகாரில் அதை முதல் வரியாகச் சொல்லுங்கள். பிள்ளையின் கணினியில் எதையும் அழிக்காதீர்கள். ஒருவர் வீட்டிலேயே இருக்க வேண்டும்.

ஆட்டிசம் உள்ள குழந்தை வெளியேறுவது வேறு விஷயம். அது பெரும்பாலும் கோபித்துக்கொண்டு போவதில்லை, தன்னை ஈர்க்கும் ஒன்றைத் தேடிப் போவது. கிணறு, குளம், நீச்சல்குளம் என்று தண்ணீர் இருக்கும் இடங்களை முதலில் பாருங்கள்.

திரும்பி வந்தவுடன் "எங்கே போனே?" என்று ஆரம்பிப்பதுதான் அடுத்த ஓட்டத்துக்கான விதை. முதல் மணி நேரம் சாப்பாடு, தண்ணீர், காயம் இருக்கிறதா என்ற பார்வை, தூக்கம். அவ்வளவுதான். பாலியல் வன்முறை என்ற சந்தேகம் இருந்தால் மட்டும் தூக்கம் காத்திருக்கலாம்: குளிக்கவைக்காமல், உடையைத் துவைக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். எச்.ஐ.வி தடுப்பு மருந்தை, வன்முறை நடந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. தேடும்போது சமூக ஊடகத்தில் போட்ட படங்களை அன்றே நீக்குங்கள். "ஓடிப்போன பொண்ணு" என்ற பெயர் பள்ளிக்குள் நுழைந்தால், அதுவே வெளியேற இன்னொரு காரணமாகும்.

மூன்று நாளுக்குள் பிள்ளையோடு விரிவாகப் பேசுங்கள். பேசுபவர் பெற்றோராகவோ விடுதிக் காப்பாளராகவோ இல்லாமல் வெளியாளாக, ஆலோசகராக இருப்பது நல்லது. ஓடியதற்குக் காரணமே வீட்டுக்குள் இருக்கும்போது அதை வீட்டாரிடம் எப்படிச் சொல்லும்? அங்கே அடியோ அத்துமீறலோ நடப்பதாகத் தெரிந்தால், திருப்பி அனுப்புவதை நிறுத்திக் குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரிகளிடம் சொல்ல வேண்டும். "ஏன்" என்று கேட்டால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். "கிளம்பறதுக்கு முந்தின நாள் எப்படிப் போச்சு?", "ராத்திரி யார் இடம் கொடுத்தாங்க?" என்று கேட்டால் பேச்சு வரும். புது ஃபோன், கணக்கில்லாத பணம், பெயர் சொல்லப்படாத 'அண்ணன்' என்று எதையாவது கண்டால் அதைச் சுரண்டலின் அறிகுறியாக எடுத்துக்கொள்ளுங்கள், திருட்டு என்று விசாரிக்காதீர்கள்.

ஒரு நோட்டு போடுங்கள். கிழமை, நேரம், அதற்கு முன் நடந்தது, போன இடம், கூட இருந்தவர், திரும்பிய விதம். நான்கைந்து பதிவு சேர்ந்தால் ஒழுங்கு தெரிய ஆரம்பிக்கும்: தேர்வு முடிவு வரும் வாரம், குறிப்பிட்ட உறவினர் தங்க வரும் நாள், அப்பா குடித்துவிட்டு வரும் இரவு. தடுக்க வேண்டியது அங்கேதான். அறையைப் பூட்டுவது எதையும் தடுக்காது. தீப்பிடித்தால் உயிரைத்தான் வாங்கும். ஃபோனைப் பறிப்பதும் அப்படியே: நடுத்தெருவில் பயந்து நிற்கும் பிள்ளைக்கு வீட்டை அழைக்க அதுதான் மிச்சமிருக்கும் வழி.

மறுபடி போகமாட்டேன் என்று சத்தியம் வாங்குவதைவிட, தாங்க முடியாதபோது என்ன செய்யலாம் என்று பேசிவைப்பது பலன் தரும். போய்த் தங்கக்கூடிய இரண்டு வீடுகள், கேள்வியில்லாமல் வந்து அழைத்துப்போகும் ஒரு பெரியவர், "பத்திரமா இருக்கேன்" என்று அனுப்ப ஒரு சங்கேதச் சொல். அந்தப் பெரியவரின் எண்ணைப் பிள்ளை மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும், ஏனென்றால் ஃபோனில் சார்ஜ் தீர்ந்துவிடும்.