ஞாயிற்றுக்கிழமை லத்தி அள்ளுவது யார்? லிவரி லாயத் தகராறுகளும் அவற்றைத் தவிர்க்கும் வழிகளும்

இங்கிலாந்தில் குதிரை வைத்திருப்பவர்களில் பலருக்குச் சொந்த நிலம் கிடையாது. மாதாமாதம் பணம் கட்டி இன்னொருவரின் லாயத்தில் விடுகிறார்கள். அதற்குத்தான் லிவரி என்று பெயர். இதில் வரும் வழக்குகள் பெரிய விஷயத்தில் தொடங்குவதே இல்லை. “பார்ட் லிவரி என்றுதானே சொன்னீர்கள், ஞாயிற்றுக்கிழமை லத்தி அள்ளுவது யார்?” என்று ஆரம்பிக்கும். சில மாதங்களில், “பாக்கியைக் கட்டாமல் குதிரையை வண்டியில் ஏற்ற விடமாட்டேன்” என்பதில் வந்து நிற்கும்.

டி.ஐ.ஒய். (நீங்களே செய்துகொள்ளுங்கள்) லிவரி என்றால் கொட்டிலும் மேய்ச்சல் நிலமும் மட்டும். மற்ற வேலையெல்லாம் குதிரைக்காரருடையது. ஃபுல் லிவரி என்றால் எல்லாம் யார்டு, அதாவது லாயம் நடத்துபவர், பார்க்கும். பார்ட் லிவரி இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. அந்த ‘எங்கோ’தான் வம்பு. இந்தப் பெயர்களுக்குச் சட்டத்தில் எந்த வரையறையும் இல்லை. குதிரையேற்றப் பள்ளி நடத்த 2018ஆம் ஆண்டு விதிகளின்படி உள்ளாட்சி மன்றத்தின் உரிமம் வேண்டும். லிவரி மட்டும் நடத்த அந்த உரிமம் தேவையில்லை. ஆகவே இரு தரப்புக்கும் பிடிமானம் எழுதி வைத்த ஒப்பந்தம் மட்டுமே. குதிரை நல அமைப்பான பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டி, மாதிரி ஒப்பந்தமே தருகிறது. ஆனாலும் வாட்ஸ்அப்பில் ‘ஓகே’ போட்டுக்கொண்டு குதிரையை இறக்குகிறவர்கள் குறையவில்லை.

ஒப்பந்தத்தில் ‘போதுமான தீவனம்’ என்று எழுதினால் எழுதாததற்குச் சமம். 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு ஒரு நாளைக்கு உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம், அதாவது 7.5 முதல் 10 கிலோ உலர்பொருள் வேண்டும். காய்ந்த புல்லிலும் கொஞ்சம் ஈரம் இருக்கும் என்பதால், தராசில் அது ஏறக்குறைய 9 முதல் 12 கிலோ வரும். காய்ந்த புல்லை வலையில் திணித்துத் தொங்கவிடுவார்கள்; யார்டு ‘இரண்டு வலை’ என்று கணக்குச் சொல்லும். சின்ன வலையில் 3 கிலோதான் பிடிக்கும். பெரியதில் அதைப்போல இரண்டு மடங்கு திணிக்கலாம். கொக்கித் தராசு ஒன்றை வாங்கி, நிரப்பிய வலையை அதில் மாட்டிப் பாருங்கள். ‘காலையில் 4 கிலோ, இரவில் 6 கிலோ, அதற்கு மேல் போட்டால் கிலோவுக்கு இவ்வளவு’ என்று எழுதிவிட்டால் பாதிச் சண்டை அங்கேயே தீரும். நம் ஊர்க் கண்ணுக்கு எல்லாமே வைக்கோலாகத் தெரியும். அங்கே வைக்கோல் பெரும்பாலும் படுக்கைக்கு, தீவனம் காய்ந்த புல். படுக்கைக்கு வாரம் எத்தனை கட்டு என்பதையும் தனியாகக் குறிக்க வேண்டும்.

குளிர்காலம் வந்தால் அடுத்த தகராறு. மழையில் நிலம் சேறாகி, புல் மிதிபட்டு அழிந்துவிடும் என்று யார்டு வயலை மூடிவிடும். நாள் முழுக்கக் கொட்டிலில் நிற்கும் குதிரைக்குக் கால் வீங்கும், பலகையைக் கடிக்கும், வெளியே கொண்டுபோகிறவரை இழுத்துக்கொண்டு ஓடும். ஒரு குதிரைக்கு 1 முதல் 1.5 ஏக்கர் மேய்ச்சல் என்பது பொதுவான வழிகாட்டல். 10 ஏக்கரில் 20 குதிரை நிற்கும் இடத்தில் டிசம்பரில் என்ன நடக்கும் என்பதை ஜூலையிலேயே ஊகிக்கலாம். இடம் பார்க்கப் போகும்போது பச்சைப் புல்லைப் பார்த்து மயங்காமல், போன குளிர்காலத்தில் எத்தனை நாள் வயல் மூடியிருந்தது என்று கேளுங்கள். மூடினால் மாற்று என்ன, மணல் அடைப்பா, கையில் பிடித்து நடத்துவதா, கட்டணம் குறையுமா என்பதும் தாளில் ஏற வேண்டும்.

கொட்டில் கதவில் இரண்டு தாழ்ப்பாள் இருக்கும். மேல் தாழ்ப்பாளை உதட்டாலேயே தள்ளித் திறக்கக் கற்றுக்கொள்ளும் குதிரைகள் உண்டு. காலால் தட்டிப் போடும் கீழ்த் தாழ்ப்பாள் அதற்காகத்தான். இரவில் கடைசியாகப் பார்ப்பவர் அதைப் போட மறந்தால் குதிரை சாலைக்குப் போய்விடும். 1971ஆம் ஆண்டு விலங்குகள் சட்டம் இதில் கடுமையானது. மிர்வஹேதி எதிர் ஹென்லி வழக்கில், மிரண்டு வெளியேறிச் சாலையில் காரோடு மோதிய குதிரையின் உரிமையாளர்கள், கவனக்குறைவு இல்லாவிட்டாலும் பொறுப்பாளிகளே என்று 2003இல், அப்போது உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அந்தச் சட்டப்படி சொந்தக்காரரும், குதிரையைத் தன் வசம் வைத்திருப்பவரும், இருவருமே ‘வைத்திருப்பவர்’ ஆகலாம். ஆக, குதிரைக்காரருக்கு மூன்றாம் தரப்புக் காப்பீடு வேண்டும். யார்டின் பாலிசி, தன் பொறுப்பில் நிற்கும் பிறர் குதிரைகளுக்கும் பொருந்துமா என்று கேட்டு, சான்றிதழைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

குதிரைக்கு அடிபட்டால் யார் எதை நிரூபிப்பது என்பது லிவரி வகையைப் பொறுத்தது. ஃபுல் லிவரியில் குதிரை யார்டின் கையில் ஒப்படைக்கப்பட்ட பொருள். நியாயமான கவனத்தோடு பார்த்துக்கொண்டோம் என்று காட்டும் சுமை யார்டுக்கு. டி.ஐ.ஒய்.யில் பெரும்பாலும் இடத்தைப் பயன்படுத்த அனுமதி மட்டுமே என்பதால், யார்டின் தவறைக் குதிரைக்காரர்தான் நிரூபிக்க வேண்டும். ‘உள்ளே வருவோர் தங்கள் பொறுப்பில் வரவும்’ என்ற பலகையை நம்பி யார்டுகள் நிம்மதியாகத் தூங்குகின்றன. கவனக்குறைவால் வரும் மரணத்துக்கும் உடற்காயத்துக்கும் வணிகர் இப்படிக் கைகழுவ முடியாது என்கிறது 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம்.

இரவு இரண்டு மணிக்குக் கோலிக் எனும் வயிற்றுவலி வந்து குதிரை புரள்கிறது. உங்கள் தொலைபேசி அணைந்திருக்கிறது. மருத்துவரை அழைக்க யாருக்கு அதிகாரம், எத்தனை பவுண்டு வரை, அறுவைக்கு அனுப்பலாமா, வழியே இல்லையென்றால் கருணைக்கொலைக்கு யார் சம்மதம் தரலாம் என்று நான்கு வரி எழுதிக் கையெழுத்திட்டுக் கொட்டில் கதவருகே ஒட்டுங்கள். கேட்கவே சங்கடமான விஷயம் என்பதால் இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

இனி பாக்கி விவகாரம். பாக்கி இருந்தால் குதிரையைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்று யார்டுகள் நினைக்கின்றன. பொதுச் சட்டப்படி, பயிற்சியால் குதிரையின் திறனைக் கூட்டும் பயிற்சியாளருக்கு அந்தப் பிடிமான உரிமை கிடைக்கலாம். வெறுமனே தீனி போட்டுப் பராமரிக்கும் லிவரிக்காரருக்கு அது கிடையாது. ஒப்பந்தத்தில் வெளிப்படையாக எழுதியிருந்தால் மட்டுமே. எழுதாமல் வாயிலைப் பூட்டினால் வழக்கு யார்டுக்கு எதிராகத் திரும்பும். அதற்காகக் குதிரைக்காரர் நள்ளிரவில் டிரெய்லரோடு வந்து ஓட்டிப்போவதும் புத்திசாலித்தனமாகாது. கடன் அப்படியே நிற்கும்.

விட்டுப் போன குதிரையை விற்க, பிறர் பொருளில் தலையிடுவது பற்றிய 1977ஆம் ஆண்டுச் சட்டம் வழி தருகிறது. முதலில் லிவரி ஒப்பந்தத்தை முறைப்படி முடிக்க வேண்டும். பிறகு குதிரை எங்கே நிற்கிறது, எவ்வளவு பாக்கி, எந்தத் தேதிக்குப் பின் விற்பனை என்று பதிவுத் தபாலில் அறிவிப்பு. பாக்கி கேட்பதானால் குறைந்தது மூன்று மாத அவகாசம். விற்ற பணத்தில் செலவும் பாக்கியும் போக மிச்சம் உரிமையாளருக்கே. இதைச் சுற்றிக்கொண்டு போக, 2015ஆம் ஆண்டுக் குதிரைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் நான்கு நாள் அறிவிப்பை வாயிலில் ஒட்டுகிறார்கள். அது அனுமதியில்லாமல் நிலத்தில் விடப்பட்ட குதிரைகளுக்கானது. ஒப்பந்தப்படி வந்து நிற்கும் குதிரைக்குச் செல்லாது.

இந்த மாதங்களில் தீனியை நிறுத்த யாருக்கும் உரிமையில்லை. 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின் கடமை, தற்காலிகமாகப் பொறுப்பில் வைத்திருப்பவர் மேலும் விழுகிறது. குதிரையின் அடையாள ஆவணமான பாஸ்போர்ட்டையும் பணயமாக்கக் கூடாது. குதிரை நிற்கும் இடத்தில் அது இருக்க வேண்டும், குதிரை போனால் கூடவே போக வேண்டும். பாஸ்போர்ட்டில் பெயர் இருப்பது மட்டுமே உரிமைக்குச் சான்றாகாது; வாங்கிய ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

வெளியேற வழக்கமாக நான்கு வாரம் அல்லது ஒரு மாத முன்னறிவிப்பு. சொல்லாமல் போனால் அந்தத் தொகையை யார்டு கேட்கலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுண்டு வரையிலான தொகைக்குச் சிறு வழக்குப் பிரிவு இருக்கிறது; அதற்கு முன் கணக்கும் கெடுவும் குறித்த ஒரு கடிதம் போக வேண்டும். குதிரையை இறக்கும் நாளில் கொட்டில் பலகை, தொட்டி, தாழ்ப்பாள், வேலி எல்லாவற்றையும் தேதியோடு படமெடுங்கள். ஏற்றும் நாளிலும் அதே கோணத்தில் எடுங்கள். பலகையைக் கடித்த பல் தடம் உங்கள் குதிரையுடையதா, முன்பு நின்றதுடையதா என்பதற்கு வேறு சாட்சி கிடைக்காது.