'பழகிப்போச்சு' என்பது காது போனதற்கு அறிகுறியாக இருக்கலாம்

சத்தம், தூசி, கதிர்வீச்சு மூன்றிலும் 'தொடர்ந்து படுதல்' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறோம். ஆனால் மூன்றுக்கும் கணக்கு வேறு.

சத்தத்துக்கு நாள் கணக்கு. நாடா விசைத்தறிகள் ஓடும் கூடத்தில் 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். கருவி இல்லையென்றாலும் தெரியும்: கையெட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டியிருக்கிறதா? அப்படியென்றால் அது ஆபத்தான அளவு. இந்தியத் தொழிற்சாலை விதிகளில் 90 டெசிபலுக்கு 8 மணி நேரம் வரம்பு. 5 டெசிபல் கூடினால் நேரம் பாதி. அதன்படி 95-ல் 4 மணி நேரம். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனமான நியாஷ் (NIOSH) 85-க்கு 8 மணி நேரம் என்று தொடங்கி 3 டெசிபலுக்கு ஒரு பாதியாகக் குறைக்கிறது. அந்தக் கணக்கில் அதே 95-க்குக் கிடைப்பது 47 நிமிடம்தான்! காதைக் காப்பாற்ற நினைப்பவர்கள் இரண்டாவதைப் பின்பற்றுவதே நல்லது. இரண்டுமே 12 மணி நேர ஷிப்டை நினைத்துப் போட்ட கணக்கில்லை.

முதலில் அடிபடுவது 4000 ஹெர்ட்ஸ் பக்கம். 'ச', 'ஸ' போன்ற ஒலிகள் மங்கும். பேச்சு கேட்கும், புரியாது. உட்காதின் மயிர்ச்செல்கள் செத்தால் மீண்டும் முளைக்காது. "இப்பல்லாம் சத்தமே தெரியலைங்க" என்று ஒருவர் சொன்னால், அன்றே செவித்திறன் சோதனைக்கு எழுதிக் கொடுக்கலாம். சோதனைக்கு முன் 14 மணி நேரமாவது தறிச் சத்தம் படாமல் இருக்க வேண்டும். ஷிப்ட் முடித்த கையோடு வந்தால் தற்காலிக மந்தமும் சேர்ந்து பதிவாகும்.

நுரை இயர் பிளக்கை மெல்லியதாக உருட்டி, மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய்க் காதை மேலும் பின்னும் இழுத்துச் செருகி, அது விரியும்வரை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். 30 டெசிபல் குறைக்கும் பிளக்கை 8 மணி நேரத்தில் அரை மணி மட்டும் கழற்றி வைத்தாலும், மொத்தப் பயன் 12 டெசிபலாகச் சுருங்கிவிடும். போன் பேசக் கழற்றுவதில்தான் பெரும்பாலும் இது நடக்கிறது.

பஞ்சுத் தூசியில் இடைவெளிதான் நோயைக் காட்டிக்கொடுக்கும். பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் ப்ளோரூம், அதைச் சீவும் கார்டிங் பிரிவுகளின் ஆட்களுக்கு வார விடுப்பு முடிந்து வந்த முதல் நாள் நெஞ்சு இறுகும், மறுநாள் தணியும். பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோயான பிசினோசிஸ் ஆரம்பத்தில் இப்படித்தான் இருக்கும். அதனால் "மூச்சிரைக்குதா?" என்று மட்டும் கேட்டால் போதாது, எந்தக் கிழமை என்றும் கேட்க வேண்டும்.

கதிர்வீச்சுக்கு வருடக் கணக்கு: இந்தியாவில் கதிர்வீச்சு வேலை செய்யும் ஊழியர்களுக்கு 5 ஆண்டுச் சராசரி ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடலில் படும் கதிர்வீச்சின் அளவு), எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. படும் கதிர்வீச்சைப் பதிவு செய்யும் டிஎல்டி பேட்ஜை ஈய ஏப்ரனுக்கு உள்ளே மார்பில் அணிய வேண்டும். மேசையில் கிடக்கும் பேட்ஜ் மேசையின் அளவைத்தான் சொல்லும்.

கல் அறுக்கும் சிலிக்காத் தூசிக்கு ஆயுள் கணக்கு. துண்டு கட்டினால் நுண்தூசி நிற்காது; தண்ணீர் விட்டு அறுக்க வேண்டும். அந்தத் தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிக்கோசிஸ் வேலையை விட்ட பிறகும் முற்றும், காசநோயும் எளிதில் தொற்றும். ஆகவே பழைய வேலையிடம், ஆண்டுகள், எக்ஸ்ரே எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்திருங்கள். இழப்பீடு கேட்கும்போது முதலில் கேட்கப்படுவது அவைதான்.