பேக்கேஜ் என்றால் பொதி

ஆங்கிலத்துக்கு 'பேக்' என்ற சொல் கம்பளி வணிகத்தோடு டச்சு, தாழ் ஜெர்மன் பேச்சிலிருந்து வந்தது என்பது அகராதிக்காரர்கள் கருத்து. மூட்டை, கட்டு என்பதே மூலப்பொருள். அதிலிருந்து கிளைத்ததுதான் 'பேக்கேஜ்'.

நிரலாளருக்குப் பேக்கேஜ் என்பது பிறர் எழுதிய நிரலகத்தை அதன் விவரங்களோடு சேர்த்துக் கட்டியது. பைத்தான் நிரல்மொழியின் பேக்கேஜ்கள் வரும் 'வீல்' கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அது வெறும் ஜிப் கோப்புதான். பிரித்துப் பார்த்தால் நிரலோடு 'மெட்டாடேட்டா', 'ரெக்கார்ட்' என்று இரண்டு உரைக்கோப்புகள் இருக்கும். முதலாவதில் பெயர், பதிப்பு எண், எவற்றைச் சார்ந்தது என்ற பட்டியல். இரண்டாவதில் உள்ளே இருக்கும் கோப்புகளின் வரிசை.

தமிழில் 'தொகுப்பு' என்று எழுதுவோர் உண்டு. கவிதைத் தொகுப்புக்கும் காணொளித் தொகுப்புக்கும் அதே சொல்தான் என்பதால் குழப்பம். 'சிப்பம்' அரிசி மண்டியில் இன்றும் உயிரோடு இருக்கும் நல்ல சொல், ஆனால் வினையாக நீளாது. என் ஓட்டு 'பொதி'க்கு. பொதிமாடு, பொதிசோறு எனப் பெயராகவும், 'பொருள் பொதிந்த' என வினையாகவும் வரும். பொதியாக்கம், பொதி மேலாளர் என்று தடையில்லாமல் வளரும்.

பொதிகளை நிறுவி, நீக்கி, கணக்கு வைக்கும் மென்பொருளே பொதி மேலாளர். அது ஒன்றுக்கு மேல் போனால்தான் வம்பு. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் ஆப்ட், பைத்தானுக்குப் பிப், 2012இல் வந்த கொண்டா எனத் தனித்தனிக் கணக்கு. கொண்டா சூழலில், அதாவது ஒரு வேலைக்கெனப் பொதிகளைத் தனியே நிறுவி வைக்கும் இடத்தில், நம்பை என்ற கணிதப் பொதி இருக்கிறது. பிப் வழியே வேறொரு பொதியை நிறுவுகிறீர்கள். அது வேறு பதிப்பு நம்பையைக் கேட்டால், பிப் பழையதை நீக்கிவிட்டுப் புதியதை வைத்துவிடும். கொண்டா தன் கணக்கை வைக்கும் கொண்டா-மெட்டா கோப்புறையிலோ பழைய பதிவு அப்படியே கிடக்கும். அடுத்த முறை கொண்டாவைத் தொட்டால் சூழல் உடையலாம். அதனால் தனிச் சூழல் அமைத்து, கொண்டாவில் கிடைப்பதையெல்லாம் முதலில் நிறுவி, மிச்சத்தை மட்டும் பிப்பிடம் விடுங்கள். பிறகும் கொண்டா பொதி தேவைப்பட்டால் சூழலைப் புதிதாகவே கட்டிவிடுவது மேல்.

ஆப்ட் ஆளும் இடத்தில் பிப் நுழைவதை 2023இல் வந்த டெபியன் 12 தடுக்கிறது. 'இந்தச் சூழலை வெளியார் நிர்வகிக்கிறார்' என்ற பொருளில் பிழை காட்டிப் பிப் நின்றுவிடும். மீறி நிறுவ ஒரு விருப்பத்தேர்வும் உண்டு. அதன் பெயரே 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்', அதாவது 'இயங்குதளப் பொதிகளை உடை'. மென்பொருளில் இவ்வளவு ஒளிவுமறைவில்லாத பெயர் அபூர்வம். அதைத் தட்டுவதற்குப் பதில் பைத்தானின் 'வென்வ்' கருவி கொண்டு தனிச் சூழல் அமைத்துக்கொள்ளலாம், ஒரு வரி வேலைதான்.