ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்: ஒரு சொல் விளக்கம்

டெக்சஸில் இருக்கும் என் சித்தி மகன் போன வருடம் வீடு தேடிக்கொண்டிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் இரண்டு வீடுகளைக் காட்டினான். முதல் வீடு புதுசு, நான்கு படுக்கையறை. இரண்டாவது பழசு, ஓர் அறை குறைவு, விலையோ அதிகம். "பழைய வீட்டைத்தான் வாங்கப்போறோம்ணா. அது நல்ல ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்" என்றான். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தி கேட்டார்: "டிஸ்ட்ரிக்ட்னா மாவட்டம்தானேடா? ரெண்டு வீட்டுக்கும் நடுவுல பத்து நிமிஷ தூரம்னு சொன்னியே, அதுக்குள்ள எப்படி மாவட்டம் மாறும்?"

சித்தி கேட்டது நியாயமான கேள்வி. இந்தச் சொல்லைத் தமிழில் 'பள்ளி மாவட்டம்' என்றுதான் பலரும் எழுதுகிறார்கள். படிப்பவருக்கு உடனே கலெக்டர் அலுவலகம் நினைவுக்கு வரும். கொஞ்சம் விவரம் தெரிந்தவர் என்றால், மாவட்டக் கல்வி அலுவலரின் கீழ் வரும் நம் 'கல்வி மாவட்டம்' போல ஒன்று என்று எடுத்துக்கொள்வார். இரண்டும் தவறு. நம் கல்வி மாவட்டம் நிர்வாக வசதிக்காகப் பிரித்த ஒரு பகுதி, அவ்வளவுதான். அது யாரிடமும் வரி வாங்குவதில்லை. அரசுப் பள்ளி ஆசிரியரின் சம்பளம் மாநிலக் கருவூலத்திலிருந்து வருகிறது. பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருக்கும் வீடு மாடி வீடா ஓட்டு வீடா என்பதைப் பொறுத்து அந்தச் சம்பளம் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

அமெரிக்காவின் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் வேறு மாதிரி. அது பெரும்பாலும் ஒரு தனி உள்ளாட்சி அமைப்பு. மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் வாரியம் உண்டு, வாரியம் நியமிக்கும் தலைமை நிர்வாகி உண்டு, அவர் பெயர் சூப்பரின்டென்டென்ட். எல்லாவற்றுக்கும் மேலாக, தன் எல்லைக்குள் இருக்கும் வீடு, கடை, தொழிற்சாலை எல்லாவற்றின் மீதும் சொத்து வரி போடும் அதிகாரம் உண்டு. நாடு முழுக்க இப்படிச் சுமார் 13,000 இருக்கின்றன, டெக்சஸில் மட்டும் ஆயிரத்துக்கு மேல். நகர எல்லையும் இதன் எல்லையும் ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதனால் ஒரே ஊருக்குள் ஐந்தாறு டிஸ்ட்ரிக்ட் இருக்கலாம். பத்து நிமிஷத்தில் மாவட்டம் மாறுவது இப்படித்தான்.

சொல்லின் பிறப்பைப் பார்த்தால் இந்த வரி விஷயம் அதிலேயே இருக்கிறது. 'டிஸ்ட்ரிங்கெரே' என்ற லத்தீன் வினைக்கு இழுத்து இறுக்குதல், பிடித்து நிறுத்துதல் என்று பொருள். அதிலிருந்து வந்த 'டிஸ்ட்ரிக்டஸ்', இடைக்கால லத்தீனில் ஒரு பிரபுவின் தண்டிக்கும் அதிகாரத்தையும் அந்த அதிகாரம் செல்லும் நிலப்பரப்பையும் குறித்தது. பிரெஞ்சு வழியாக 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்கு வந்தது. அதே வேரில் பிறந்த உடன்பிறப்புகள் 'ஸ்ட்ரிக்ட்', 'டிஸ்ட்ரெஸ்', 'டிஸ்ட்ரெயின்'. கடைசிச் சொல் சட்டத்தில் இன்றும் உண்டு. பாக்கிக்காகப் பொருளைக் கைப்பற்றுவது அது. நாம் ஜப்தி என்போம். ஆக, யார் வீட்டுப் பண்டத்தை யார் தூக்கிக்கொண்டு போகலாம் என்று வகுத்த நிலம்தான் முதலில் டிஸ்ட்ரிக்ட்.

தமிழில் நாம் வைத்த 'மாவட்டம்' மா, வட்டம் என்ற இரண்டு சொற்கள் சேர்ந்தது. பெரிய வட்டம். அதற்கு முன்பு புழங்கிய 'ஜில்லா' அரபியிலிருந்து வந்தது, அங்கே விலா எலும்பு, பக்கம் என்று பொருள். இரண்டிலும் இறுக்கமும் இல்லை, வசூலும் இல்லை. கலெக்டரின் மாவட்டத்துக்கு அது போதும். இங்கே போதாது.

ஏன் போதாது என்பதை டெக்சஸின் சான் அன்டோனியோ நகரத்தை வைத்துச் சொல்கிறேன். எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. 1968 மே 16 அன்று அந்த ஊரின் எட்ஜ்வுட் உயர்நிலைப் பள்ளியில் சுமார் 400 மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே வந்து சூப்பரின்டென்டென்ட் அலுவலகத்துக்கு ஊர்வலமாகப் போனார்கள். கட்டடம் சிதைந்து கிடக்கிறது, பொருட்கள் போதவில்லை, தகுதி பெற்ற ஆசிரியர்கள் இல்லை என்பது அவர்கள் முறையீடு. அந்தப் பள்ளி இருந்த எட்ஜ்வுட் டிஸ்ட்ரிக்டின் மாணவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் மெக்சிக வம்சாவளியினர். அதே நகரத்தின் இன்னொரு பகுதியில் அலமோ ஹைட்ஸ் என்ற வசதியான டிஸ்ட்ரிக்ட் இருந்தது. இரண்டுமே அரசுப் பள்ளிகள்தான், கட்டணம் கிடையாது.

எட்ஜ்வுட் பெற்றோர் சிலர் வழக்குப் போட்டார்கள். முன்னால் நின்றவர் டிமெட்ரியோ ரோட்ரிகஸ், விமானப் படைத் தளத்தில் தகரப் பட்டறைத் தொழிலாளி. வழக்கில் பதிவான 1967-68 கணக்கைக் கொஞ்சம் நிறுத்திப் படிக்க வேண்டும். எட்ஜ்வுட்டில் 100 டாலர் சொத்து மதிப்புக்கு 1.05 டாலர் வரி, அந்த வட்டாரத்திலேயே அதிகம். அலமோ ஹைட்ஸில் 85 சென்ட். 10,000 டாலர் மதிப்புள்ள ஒரே மாதிரி வீடு இரண்டு இடத்திலும் இருந்தால், ஏழைப் பகுதிக்காரர் 105 டாலர் கட்டுவார், பணக்காரப் பகுதிக்காரர் 85 கட்டுவார். மாநிலத்தின் பள்ளி நிதித் திட்டத்துக்குச் செலுத்த வேண்டிய பங்கு போக, இந்த வரியில் ஒரு பிள்ளைக்கு மிஞ்சியது? எட்ஜ்வுட்டில் 26 டாலர். அலமோ ஹைட்ஸில் 333 டாலர். காரணம் எளிது: ஒரு மாணவருக்கு இவ்வளவு என்று சொத்து மதிப்பை வகுத்தால் எட்ஜ்வுட்டில் 5,960 டாலர், அலமோ ஹைட்ஸில் 49,000க்கும் மேல். மாநில, மத்திய உதவி எல்லாம் சேர்ந்த பிறகும் ஒரு பிள்ளைக்கு 356 டாலருக்கு எதிரே 594 டாலர்.

அதிக வரி கட்டிய பெற்றோரின் பிள்ளைக்குக் குறைந்த பள்ளிக்கூடம். இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஆறுவதில்லை.

1971இல் கீழ் நீதிமன்றம் ரோட்ரிகஸ் பக்கம் தீர்ப்பளித்தது. 1973 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அதை மாற்றியது. கல்வி அரசியலமைப்பு காக்கும் அடிப்படை உரிமைகளில் வராது என்றார்கள். நீதிபதி தர்குட் மார்ஷல் நீண்ட மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். மறு வருடம் டெட்ராய்ட் வழக்கில், மீண்டும் 5-4. நகரத்தையும் சுற்றியுள்ள 53 புறநகர் டிஸ்ட்ரிக்டுகளையும் சேர்த்துக் கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகளைக் கலந்து படிக்க வைக்கும் திட்டத்தை நீதிமன்றம் நிராகரித்தது. பணமும் டிஸ்ட்ரிக்டின் எல்லைக்கோட்டைத் தாண்டிக் கேட்க முடியாது, பிள்ளைகளும் எல்லைக்கோட்டைத் தாண்டிப் போக முடியாது என்று ஆனது. 2011இல் ஒஹையோவில் ஒரு தாய், தன் அப்பா வீட்டு முகவரியைக் கொடுத்துப் பிள்ளைகளைப் பக்கத்து டிஸ்ட்ரிக்டில் சேர்த்ததற்காகச் சிறைக்கே போனார்.

எட்ஜ்வுட் விடவில்லை. டெக்சஸ் மாநில அரசியலமைப்பின் பேரில் மறுபடி வழக்காடி, 1989இல் மாநில உச்ச நீதிமன்றத்தில் ஒருமனதாக வென்றது. பணக்கார டிஸ்ட்ரிக்டின் வரியில் ஒரு பங்கு வெளியே போக வேண்டும் என்ற 1993 சட்டம் அதன் விளைவு. பணக்காரரிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்த கதை நாயகன் பெயரில் மக்கள் அதை 'ராபின் ஹூட்' என்கிறார்கள். இடைவெளி குறைந்தது, தீரவில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'பள்ளி வட்டாரம்' என்று ஒரு யோசனை உண்டு. காதுக்கு இயல்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கே வட்டாரக் கல்வி அலுவலர் ஏற்கெனவே இருக்கிறார், இலங்கையில் வட்டாரம் என்றால் உள்ளூராட்சித் தேர்தல் தொகுதி. மறுபடி குழப்பம். நான் முன்வைக்கும் சொல் 'பள்ளி வரியெல்லை'. தமிழில் 'வரி' என்றால் கோடு. வரிக்குதிரையில் இருப்பது அது. அரசுக்குக் கட்டுவதும் வரி. கோடு, வரிப்பணம் என்று இந்த அமைப்புக்குத் தேவையான இரண்டு பொருளும் ஒரே சொல்லில் கிடைக்கின்றன. 'அலமோ ஹைட்ஸ் பள்ளி வரியெல்லை' என்று எழுதினால் கலெக்டர் நினைவு வராது, வரி நினைவு வரும். அமைப்பைக் குறிக்கும்போது 'வரியெல்லை நிர்வாகம்' என்றோ 'வரியெல்லை வாரியம்' என்றோ சேர்த்துக்கொள்ளலாம்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொரு சொல் 'அட்டெண்டன்ஸ் ஸோன்'. ஒரே வரியெல்லைக்குள் பல உயர்நிலைப் பள்ளிகள் இருக்கும்போது எந்தத் தெருப் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போவது என்று வாரியம் போடும் பிரிவு அது. பிரிட்டனில் இதைக் 'கேட்ச்மென்ட் ஏரியா' என்பார்கள், அணைக்கு நீர் வந்து சேரும் பகுதிக்கான பெயரைப் பள்ளிக்கு எடுத்துக்கொண்டது. 'ஸோன்' கிரேக்கச் சொல். இடுப்பில் கட்டும் கச்சை என்று பொருள். இதற்கு நாம் புதிதாக எதையும் தேட வேண்டாம். இலங்கைத் தமிழர்கள் 'கல்வி வலயம்' என்று நெடுநாளாக எழுதுகிறார்கள். வலயம் என்றால் வளை, சுற்றி வருவது. கச்சைக்கு வளை பொருத்தம்தானே? 'சேர்க்கை வலயம்' என்று சொல்லிவிடலாம்.

வலயத்தில் வரி மாறாது, வாரியமும் மாறாது. ஆனால் அனுபவமுள்ள ஆசிரியர் எந்தப் பள்ளியில் நிலைக்கிறார், எந்தப் பள்ளியில் கால்குலஸ் வகுப்பு நடக்கிறது என்பது மாறும். புதுப் பள்ளி திறந்தால் கோடும் நகரும், அன்றைக்கு வாரியக் கூட்டத்தில் உட்கார இடம் இருக்காது. அங்கே வீட்டு விளம்பரத்தில் டிஸ்ட்ரிக்ட் பெயர் ஓரிடத்திலும், தொடக்க, நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளின் பெயர்கள் தனித்தனியாக வேறிடத்திலும் இருக்கும். சித்தி மகன் முதல் பெயரை மட்டும் பார்த்து முன்பணம் கட்டினான். உயர்நிலைப் பள்ளியின் சேர்க்கை வலயம் அவன் தெரு நடுவிலேயே பிரிகிறது என்று பிறகுதான் தெரிந்தது. எதிர் வீட்டுப் பையன் ஒரு பேருந்தில் ஏறுகிறான், இவன் மகள் இன்னொன்றில் ஏறப்போகிறாள்.