மிச்சம் பிடிப்பது டர்போ அல்ல

ஒரு லிட்டர் கொள்ளளவு, மூன்று சிலிண்டர், நூற்றுக்கு மேல் குதிரைத்திறன், போதாக்குறைக்கு நல்ல மைலேஜ். டர்போ பொருத்திய சின்ன பெட்ரோல் எஞ்சின்களைப் பற்றிப் பேச்சு வந்தால் இந்த நான்கும் ஒரே மூச்சில் சொல்லப்படும். கேட்பவர்களில் பலரும், காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ என்ற கருவிதான் பெட்ரோலை மிச்சப்படுத்துகிறது என்று எண்ணிக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. பெட்ரோல் மிச்சமாவது எஞ்சின் சின்னதாக இருப்பதால். சின்னதானதில் பறிபோன வலுவை வேண்டும்போது மட்டும் திருப்பிக் கொடுப்பதே டர்போவின் வேலை. இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால், ஒரே எஞ்சின் ஒருவரிடம் சிக்கனமாகவும் இன்னொருவரிடம் ஊதாரியாகவும் நடந்துகொள்வதன் காரணமும் பிடிபட்டுவிடும்.

முதலில் ஒரு கணக்கு. 1,200 கிலோ எடையுள்ள கார் சமதளச் சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓடுவதற்கு, காற்றின் எதிர்ப்பையும் டயர்கள் உருளும்போது ஏற்படும் இழப்பையும் ஈடுகட்டினால் போதும். இரண்டையும் கூட்டினால் சுமார் 10 குதிரைத்திறன்தான் வருகிறது. 150 குதிரைத்திறன் தரக்கூடிய இரண்டு லிட்டர் எஞ்சினை இந்த வேலைக்கு வைப்பது, ஒரு மூட்டையைத் தூக்கப் பத்துப் பதினைந்து பேரைக் கூப்பிடுவது போல. அத்தனை பேருக்கும் சோறு போட்டாக வேண்டும்.

அந்தச் சோறு எங்கே போகிறது என்பதில்தான் பெட்ரோல் எஞ்சினின் அடிப்படைக் குறை இருக்கிறது. பெட்ரோல் ஒழுங்காக எரியவும், புகைக்குழாயில் நச்சு வாயுக்களைச் சுத்தப்படுத்தும் வினையூக்கி மாற்றி சரியாக வேலை செய்யவும், ஒரு கிராம் பெட்ரோலுக்கு 14.7 கிராம் காற்று என்ற விகிதம் ஏறக்குறைய மாறாமல் இருக்க வேண்டும். டீசல் எஞ்சினில் வலுவைக் குறைக்க டீசலை மட்டும் குறைத்தால் போதும். பெட்ரோல் எஞ்சினில் காற்றையும் சேர்த்துக் குறைக்க வேண்டும். அதற்காகக் காற்று வரும் வழியில் த்ராட்டில் என்ற வட்டத் தகடு இருக்கிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்க எடுக்க அது மூடிக்கொண்டே வரும்.

மருந்து ஏற்றாத ஒரு சிரிஞ்சை எடுத்து, அதன் மூக்கை விரலால் அடைத்துக்கொண்டு தண்டைப் பின்னுக்கு இழுத்துப் பாருங்கள். கை நோகும். விட்டால் தண்டு தானாக உள்ளே ஓடும். த்ராட்டில் பாதிக்கு மேல் மூடியிருக்கும்போது ஒவ்வொரு பிஸ்டனும் காற்றை இழுக்கக் கீழே இறங்குகையில் இந்த இழுவையைத்தான் இழுக்கிறது, நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை. கார் ஓர் அங்குலம்கூட நகராத இந்த வேலைக்கும் பெட்ரோல் செலவாகிறது. நகர நெரிசலில் பெரிய எஞ்சின்கள் பெட்ரோலை விழுங்குவதற்கு இது முக்கியமான காரணம்.

அதே 10 குதிரைத்திறனை ஒரு லிட்டர் எஞ்சினிடம் கேட்டால், அது த்ராட்டிலை இன்னும் அகலமாகத் திறந்துதான் கொடுக்க முடியும். உள்ளே வெற்றிடம் குறைகிறது, சிரிஞ்சின் மூக்கிலிருந்து விரலைக் கொஞ்சம் தளர்த்தியது போல. சிலிண்டர் நான்கிலிருந்து மூன்றாகும்போது உரசும் பிஸ்டன் வளையங்களும் பேரிங்குகளும் குறைகின்றன. எடை குறைகிறது, சூடேறவும் நேரம் பிடிப்பதில்லை. சிக்கனத்தின் கதை இவ்வளவுதான். இதில் டர்போ எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

டர்போ வருவது, அந்தக் கார் ஒரு லாரியை முந்த வேண்டிய நேரத்தில். நாலு வீச்சில் இயங்கும், அதாவது இரண்டு சுற்றுக்கு ஒரு முறை காற்றிழுக்கும், ஒரு லிட்டர் எஞ்சின், நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது, நொடிக்கு 25 லிட்டர் காற்றை உள்ளே இழுக்கும். அதன் எடை சுமார் 30 கிராம். அதில் எரியக்கூடிய பெட்ரோல் 2 கிராம். அதிலிருந்து ஏறத்தாழ 40 குதிரைத்திறன் கிடைக்கும். அதற்குமேல் பெட்ரோலைக் கொட்டினாலும் எரிக்கக் காற்று இல்லை. ஆனால் காற்றை வளிமண்டல அழுத்தத்தைப் போல இரண்டு மடங்குக்கு அமுக்கி உள்ளே தள்ளினால், அதே சிலிண்டருக்குள் இரண்டு லிட்டர் எஞ்சினுக்கு உரிய காற்று அடங்கிவிடும். பெட்ரோலும் இரண்டு மடங்கு, வலுவும் ஏறத்தாழ இரண்டு மடங்கு. வலு எங்கிருந்தோ சும்மா வருவதில்லை. அந்த நேரத்தில் சின்ன எஞ்சின் பெரிய எஞ்சினின் சாப்பாட்டைத்தான் சாப்பிடுகிறது.

காற்றை அமுக்க ஆகும் சக்தியை வெளியேறும் புகையிடமிருந்தே வாங்கலாம் என்று கண்டவர் ஆல்ஃபிரட் பூஹி என்ற சுவிஸ் பொறியாளர். 1905-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். பெட்ரோலின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி புகையோடு போய்விடுகிறது. அந்தப் புகை ஒரு டர்பைன் சக்கரத்தைச் சுழற்றும், அதே தண்டின் மறுமுனையில் உள்ள கம்ப்ரஸர் சக்கரம் காற்றை அமுக்கும். ஒரு சின்ன காரின் டர்போ சக்கரத்தைக் கையில் வைத்துப் பார்த்தால் நம்புவது கடினம். குறுக்களவு நான்கு சென்டிமீட்டரை ஒட்டி, உள்ளங்கையில் அடங்கும் பூப் போல, இதழ்கள் காகிதம் போல மெலிந்து வளைந்திருக்கும். விரலால் சுண்டினால் ஓசையின்றிச் சுழலும். முழு வேலையில் இது நிமிடத்துக்கு 2,00,000 சுற்று சுற்றுகிறது. அப்போது இதழின் நுனி ஒலியைவிட வேகமாக, நொடிக்கு 400 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. எதிர்முனையில் டர்பைன் சக்கரத்தைத் தாக்கும் புகையின் வெப்பம் 1,000 டிகிரி செல்சியஸை நெருங்கும். ஒரு முனையில் உலை, மறுமுனையில் வெளிக்காற்று, நடுவே எண்ணெய்ப் படலத்தில் மிதக்கும் ஒரு தண்டு. மனிதர் செய்த பொருள்களில் எனக்குத் தீராத வியப்பைத் தருபவற்றுள் இதுவும் ஒன்று.

இதை இலவச வலு என்று சிலர் எழுதுகிறார்கள். அது முழு உண்மை ஆகாது. டர்பைன் வழியில் நிற்பதால் புகையைத் தள்ளி வெளியேற்றப் பிஸ்டன் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. கிடைப்பதைவிட கொடுப்பது குறைவு, அவ்வளவே.

பெரிய சிக்கல் வெப்பம். சைக்கிளுக்குக் காற்றடித்து முடித்ததும் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டால் சுடும். அமுக்கினால் காற்று சூடாகும். டர்போவிலிருந்து வெளிவரும் காற்று 100 டிகிரியை எளிதாகத் தாண்டும். சூடான காற்று விரிந்து இடத்தை அடைத்துக்கொள்வதால், அமுக்கியதன் பயனில் ஒரு பகுதி வீணாகிறது. இன்டர்கூலர் அதை 40 டிகிரிக்குக் குளிர்வித்தால், அதே இடத்தில் கால் பங்கு கூடுதலான காற்று அடங்கும்.

குளிர்வித்த பிறகும் ஆபத்து போவதில்லை. தீப்பொறி விழுந்து சுடர் பரவும்போது, இன்னும் எரியாமல் மூலையில் ஒதுங்கியிருக்கும் கலவை நசுங்கிச் சூடாகி, சுடர் வந்து சேரும் முன்பே தானாக வெடித்துவிடலாம். இதைத்தான் நாக்கிங் என்கிறோம். சுத்தியால் தட்டுவது போன்ற ஒலி வரும். தொடர்ந்து நடந்தால் பிஸ்டன் சேதமாகும். அதைத் தவிர்க்க டர்போ எஞ்சின்களின் அமுக்க விகிதத்தை, அதாவது பிஸ்டன் மேலேறும்போது கலவை எத்தனை மடங்கு நசுங்குகிறது என்பதை, குறைத்து வைப்பார்கள். ஆனால் அமுக்க விகிதம் குறைந்தால் ஒவ்வொரு துளி பெட்ரோலிலிருந்தும் கிடைக்கும் வேலை குறையும், டர்போ ஓய்ந்திருக்கும் நேரத்திலும்கூட.

இந்தக் கயிற்றிழுப்பு புதியதல்ல. 1962-ல் அமெரிக்காவில் வந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர், டர்போ பொருத்தி விற்பனைக்கு வந்த முதல் பெட்ரோல் கார்களில் ஒன்று. அமுக்க விகிதத்தை விட்டுக்கொடுக்க அதன் பொறியாளர்களுக்கு மனம் வரவில்லை, 10.25 என்றே வைத்தார்கள். நாக்கிங்கை அடக்கத் தனித் தொட்டியிலிருந்து தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவம் காற்றோடு தெளிக்கப்பட்டது. தொட்டி காலியானால் அழுத்தம் தானாகக் குறைந்துவிடும். காரின் உரிமையாளர்களோ அதை நிரப்ப மறந்தார்கள். காரும் நீடிக்கவில்லை. 1977-ல் அறிமுகமான சாப் 99 டர்போ வேறு வழியில் போனது. சின்ன டர்பைன் வைத்துக் குறைந்த சுற்றிலேயே அழுத்தம் கிடைக்கச் செய்து, மிஞ்சும் புகையை வேஸ்ட்கேட் என்ற கதவு வழியாக விலக்கிவிட்டார்கள். இன்றைய சின்ன எஞ்சின்கள் அந்த வழியில்தான் நடக்கின்றன.

ஜெட்ஃபயரின் தண்ணீர்த் தொட்டி செய்ய நினைத்த வேலையை இப்போது பெட்ரோலே செய்கிறது. பெட்ரோலை 200 பார், 350 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய வளிமண்டல அழுத்தம்) அழுத்தத்தில் நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சினால், அது ஆவியாகும்போது உள்ளே இருக்கும் காற்றின் வெப்பத்தை உறிஞ்சி ஏறக்குறைய 20 டிகிரி இறக்கிவிடும். நாக்கிங்கைக் காதால் கேட்பது போல உணரும் சென்சாரும், ஒவ்வொரு தீப்பொறியின் நேரத்தையும் திருத்தும் கணினியும் சேர்ந்தன. இவை கைகூடிய பிறகே 2012-ல் ஃபோர்டால் 999 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சினிலிருந்து 125 குதிரைத்திறன் வரை எடுக்க முடிந்தது. அதன் எஞ்சின் பிளாக் ஓர் ஏ4 தாளின் மேல் நிற்கும்.

இனி பில் வரும் இடம். ஏற்றத்தில் அல்லது வேகச் சாலையில் ஆக்சிலரேட்டரை நெடுநேரம் அழுத்திப் பிடித்தால், நாக்கிங்கைத் தடுக்கக் கணினி தீப்பொறியைத் தாமதப்படுத்தும். தாமதமாக எரியும் சுடர் பிஸ்டனைத் தள்ளி முடிக்குமுன் வெளியேறும் வால்வு திறந்துவிடுகிறது. பிஸ்டனுக்குப் போக வேண்டிய வெப்பம் புகையோடு போகிறது. புகை மேலும் சூடாகி டர்பைனின் உலோகத்தையே பதம் பார்க்கும் நிலைக்கு வரும். அப்போது பல எஞ்சின்கள் தேவைக்கு மேல் பெட்ரோலைப் பீய்ச்சுகின்றன. அந்தக் கூடுதல் பெட்ரோல் எரிவதற்குக் காற்று கிடையாது. ஆவியாகிப் புகையைக் குளிர்விப்பதற்காகவே அது செலவாகிறது. இந்த நிலையில் டர்போ இல்லாத இரண்டு லிட்டர் எஞ்சின் நிதானமாக, இதைவிடக் குறைவான பெட்ரோலில் அதே வலுவைத் தந்துவிடக்கூடும்.

கார்களின் மைலேஜை அளக்க ஐரோப்பாவில் இருந்த பழைய என்இடிசி சோதனை மிக மென்மையாக ஓட்டும் முறை. அதில் சின்ன எஞ்சின்கள் இந்தப் பகுதிக்குள் நுழையவே இல்லை. அதனால் அட்டையில் போட்ட மைலேஜும் சாலையில் கிடைத்த மைலேஜும் ஒட்டவில்லை. 2017-ல் இன்னும் வேகமான, முடுக்கம் கூடிய டபிள்யூஎல்டிபி சோதனை வந்த பிறகு, எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது என்ற எண்ணம் தளர்ந்தது. ஃபோக்ஸ்வாகனின் 1.4 லிட்டர் எஞ்சினுக்கு அடுத்து வந்தது 1.5 லிட்டர். அதில் உள்ளே இழுக்கும் வால்வை முன்கூட்டியே மூடும் மில்லர் முறையால் அமுக்க விகிதத்தை 12.5 வரை உயர்த்தினார்கள். நிசானின் இரண்டு லிட்டர் விசி டர்போ எஞ்சின் இன்னும் துணிச்சலானது. பிஸ்டன் எவ்வளவு உயரம் ஏற வேண்டும் என்பதையே நெம்புகோல்களால் மாற்றி, சீராக ஓடும்போது 14, டர்போ முழங்கும்போது 8 என்று அமுக்க விகிதத்தை ஓட்டத்திலேயே மாற்றிக்கொள்கிறது.

ஓட்டுபவர் அறிய வேண்டிய ஒன்று மீதி இருக்கிறது. இந்த எஞ்சின்கள் 1,500 சுற்றிலேயே நல்ல இழுவை தருவதால், உயர்ந்த கியரில் மெல்ல ஊர்ந்துகொண்டே மேடு வந்ததும் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கத் தோன்றும். சிக்கனம் என்றும் தோன்றும். ஆனால் குறைந்த சுற்று, உச்ச அழுத்தம் என்ற இந்தச் சேர்க்கையில், பிஸ்டன் ஓரத்தில் தேங்கிய எஞ்சின் ஆயில் துளி பெட்ரோலோடு கலந்து தீப்பொறிக்கு முன்பே பற்றிக்கொள்வது உண்டு. அந்த ஒரே அடியில் பிஸ்டனில் வளையம் அமரும் விளிம்பு உடைந்துவிடலாம். ஆயிலில் கால்சியம் கலந்த சேர்மங்கள் இதைத் தூண்டுகின்றன என்று தெரியவந்ததால், அதன் ஒரு பங்கை மெக்னீசியத்துக்கு மாற்றினார்கள். 2020-ல் வந்த, அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் ஏபிஐ எஸ்பி என்ற ஆயில் தரத்தில் இதற்கென்றே ஒரு சோதனை இருக்கிறது. ஆயில் வாங்கும்போது டப்பாவில் அந்த எழுத்துகளைத் தேடிப் பாருங்கள். மேட்டில் ஒரு கியரை இறக்கி, 2,500 சுற்றில் ஏறுங்கள்.